ஸோட் மட்டும் போதாது

டயாப்லோ 2 விளையாட்டில் ஓர் அரக்கன் சாகும் கணத்தில் கணினி பகடை உருட்டும். முதல் உருட்டு, அவனிடமிருந்து ஏதாவது விழ வேண்டுமா, வேண்டாமா என்பதற்கு. பாதிக்கு மேல் 'வேண்டாம்' என்றுதான் வரும். விழ வேண்டும் என்று வந்தால் அடுத்த உருட்டு: தங்கக் காசா, மருந்துக் குப்பியா, கவசமா, ஆயுதமா, ரத்தினமா, ரூனா? ரூன் என்று வந்தாலும் வேலை முடியவில்லை. பட்டியலுக்குள் பட்டியல், அதற்குள் இன்னொன்று. ஒவ்வொரு கட்டத்திலும் மலிவான ரூன் பக்கம்தான் சாய்வு அதிகம். அந்தப் படிகளின் உச்சியில் 'ஸோட்' என்ற ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் ஆடியும் அதைக் கண்ணால் பார்க்காதவர்கள் ஏராளம்.

மந்தைவெளியில் வீட்டு மாடியில் பத்தாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன். நிகழ்தகவு பாடம் வரும்போது புத்தகத்தில் சிவப்புப் பந்து, நீலப் பந்து என்று இருக்கும். நான் ரூன் பட்டியலைக் கரும்பலகையில் எழுதுவேன். தூங்கி வழிகிற பையன்கூட நிமிர்ந்து உட்காருவான். ஏனென்றால் அவன் செல்போனில் ஆடும் ஆட்டத்திலும் இதே பகடைதான் உருளுகிறது. அதைப் பற்றி அவனுக்கு யாரும் சொன்னதில்லை. அவன் அப்பா அம்மாவுக்கும் சொன்னதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கொன்று, விழுவதைப் பொறுக்கி, பொறுக்கியதைக் கொண்டு இன்னும் வலுவான ஆயுதம் செய்து, அதைக் கொண்டு இன்னும் பெரிய அரக்கனைக் கொல்வது: இந்த வகை ஆட்டங்களின் சுழற்சி இவ்வளவுதான். 'லூட்' என்று பிள்ளைகள் சொல்வது விழும் பொருளை. இந்த வகை ஆட்டங்களுக்கு வேர் 1980இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் எழுதிய 'ரோக்' என்ற ஆட்டம். அதில் படம் கிடையாது. எழுத்தும் குறியும்தான். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பாதாளம் புதிதாக அமையும், பொருள்கள் புதிய இடத்தில் இருக்கும். அந்த வழியில் வந்த ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்த கலிஃபோர்னியாக்காரர்கள் சிலர் பிளிசார்ட் நார்த் என்ற நிறுவனத்தில் டயாப்லோவைச் செய்தார்கள். 2000 ஜூனில் இரண்டாம் பாகம் வந்தது. 2001 ஜூனில் அதன் விரிவாக்கமான 'லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன்'. ரூன்கள் அதில்தான் நுழைந்தன.

அண்ணன் அப்போது கல்லூரி. ரிச்சி தெருவுக்குக் கம்ப்யூட்டர் ராம் வாங்கப் போனவன் ராமோடு இந்த ஆட்டத்தையும் வாங்கி வந்தான். வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர், கூடத்தில், அம்மாவின் தையல் மிஷினுக்குப் பக்கத்தில். அவன் ஆடும்போது நான் பின்னால் நின்று எது விழுந்தது என்று சொல்ல வேண்டும். அவன் கண் அரக்கன் மேல் இருக்கும், என் கண் தரையில். சாம்பல் நிறத் தரையில் ஆரஞ்சு எழுத்து மின்னினால் ரூன். "அண்ணா, ரூன்!" என்று கத்துவேன். "எந்த ரூன்னு படிடி!" என்பான். பெரும்பாலும் 'எல்' ஆக இருக்கும். முப்பத்து மூன்றில் முதலாவது, மலிவிலும் மலிவு. அம்மா நூல் கோத்துக்கொண்டே, "எதுவா இருந்தா என்ன, சாப்பிட வாங்க ரெண்டு பேரும்" என்பாள்.

எல் முதல் ஸோட் வரை மொத்தம் 33 ரூன்கள். ஒவ்வொன்றும் கையகலக் கல், அதில் ஓர் எழுத்து. வாளிலும் கவசத்திலும் கேடயத்திலும் குழிகள் இருக்கும். தி. நகர் கடைகளில் ஏழு கல் தோட்டுக்குக் கல் பதிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். குழியின் எண்ணிக்கையும் கல்லின் எண்ணிக்கையும் பொருந்தினால்தான் தோடு. இங்கே இன்னொரு நிபந்தனையும் உண்டு. வரிசை. சரியான ரூன்களைச் சரியான வரிசையில், சரியான எண்ணிக்கைக் குழியுள்ள, மந்திரம் எதுவும் ஏறாத சாதாரணப் பொருளில் பதித்தால் அது 'ரூன்வேர்டு' ஆகிறது. ஒன்றுக்கும் உதவாத வெள்ளைப் பெயர் வாள், ஆட்டத்தின் மிகப் பெரிய ஆயுதங்களில் ஒன்றாக மாறிவிடும்.

மந்திரம் ஏறாத சாதாரணப் பொருள் என்பதுதான் இந்த ஆட்டத்தைச் செய்தவர்களின் மேதைமை என்று நினைக்கிறேன். அதுவரை எல்லோரும் நீலம், மஞ்சள், பொன் நிறப் பெயர்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு வெள்ளையைக் காலால் தள்ளிவிட்டுப் போனார்கள். ரூன் வந்த பிறகு குனிந்து வெள்ளையைப் பார்க்க வேண்டியதாயிற்று.

இதன் உச்சம் 'ப்ரெத் ஆஃப் தி டையிங்' என்ற ரூன்வேர்டு. ஆறு குழி ஆயுதம் வேண்டும். வெக்ஸ், ஹெல், எல், எல்ட், ஸோட், எத். பட்டியலை ஒருமுறை திரும்பப் படியுங்கள். முப்பத்து மூன்றாவதான ஸோட் இருக்கிறது. அதற்கு முன்னால் முதலாவது எல்லும் இரண்டாவது எல்ட்டும் இருக்கின்றன. ஸோட்டைத் தனியாக ஓர் ஆயுதத்தில் பதித்தால் அந்த ஆயுதம் தேயாது, உடையாது, அவ்வளவுதான். தரையில் கிடந்து யாரும் எடுக்காத எல்லோடு சேர்ந்தால்தான் அது பேசும். 'எனிக்மா' என்ற கவசமும் அப்படியே. ஜா, இத், பெர். ஜா 31ஆவது, பெர் 30ஆவது. நடுவில் நிற்கும் இத் ஆறாவது, சாதாரணமாக விழக்கூடியது. அந்தக் கவசம் அணிந்தவர் எந்த வகைப் பாத்திரமானாலும் நினைத்த இடத்துக்குத் தாவலாம். அந்த ஒரு திறமைக்காகவே உலகம் முழுக்க ஆட்கள் ஜாவையும் பெர்ரையும் தேடி அலைகிறார்கள்.

புதிதாக ஆடுபவர்களிடம் எனிக்மாவைப் பற்றி நான் பேசுவதில்லை. 'ஸ்பிரிட்' வாளிலிருந்து தொடங்கச் சொல்வேன். டால், துல், ஆர்ட், ஆம். நான்கும் எட்டுகிற உயரத்தில் இருப்பவை. ஆனால் அதைச் செய்துவிட்டால் பாத்திரத்தின் எல்லாத் திறன்களும் இரண்டு படி ஏறும். மந்திரம் வீசும் வேகம் கூடும். கடினமான கட்டங்களுக்கு மத்தியில்கூட அந்த வாளையே வைத்துக்கொண்டு போகலாம்.

முதலில் வாள். நான்கு குழி உள்ள, மந்திரம் ஏறாத வாள். இதற்கு நேர்வழி ஒன்று உண்டு. ஆட்டத்தின் கடைசி அரக்கனைக் கொன்ற பிறகு, விர்ட் என்ற சிறுவனின் மரக்காலையும் டவுன் போர்ட்டல் புத்தகத்தையும் பொருள்களைக் கலந்து வேறொன்றாக்கும் ஹொராட்ரிக் கியூப் என்ற பெட்டியில் போட்டு மாற்றினால் முகாமுக்குள் சிவப்பு வாசல் திறக்கும். உள்ளே நீளக்காம்புக் கோடரி பிடித்த மாடுகள் கூட்டம் கூட்டமாக நிற்கும். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே மாடுகள். நார்மல் என்ற எளிய நிலையில் அங்கே விழும் 'கிரிஸ்டல் சோர்ட்' வகை வாளை எடுத்துப் போய், ஐந்தாம் ஆக்டின் (அத்தியாயத்தின்) முதல் பணியை முடித்தவர்களுக்குக் குழி போட்டுத்தரும் லார்ஸுக் என்ற கொல்லனிடம் கொடுத்தால், சரியாக நான்கு குழி போட்டுத் தருவான். வேறு இடத்தில், உயர்ந்த நிலையில் விழுந்த அதே வாளைக் கொடுத்தால் ஆறு குழி போட்டுவிடுவான். ஆறு குழியில் ஸ்பிரிட் ஏறாது. பொருள் எந்த மட்டத்தில் விழுந்தது என்பது கண்ணுக்குத் தெரியாத எண்ணாக அதனுள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. 26 முதல் 40 வரை இருந்தால் நான்கு.

அடுத்து ரூன்கள். முதல் ஆக்டின் சதுப்பு நிலத்தில் ஒரு பாழடைந்த கோபுரம். அடியில் ஐந்து நிலவறை இறங்கினால் கவுண்டஸ் என்ற கோமகள். மற்ற அரக்கர்களைப் போலன்றி, இவளுக்கு ரூனுக்கென்றே தனிப் பட்டியல் உண்டு. நார்மல் நிலையில் அது ரல் வரைதான். எனவே அதற்கு முந்தைய டால் இவளிடம் கிடைக்கும். ஆர்ட்டுக்கு மூன்று ரல்லைக் கியூபில் போடலாம். மூன்று ஆர்ட் ஒரு துல் ஆகும். மூன்று துல்லோடு சில்லு நிலை புஷ்பராகம் ஒன்று சேர்த்தால் ஓர் ஆம். நான்காம் ஆக்டில் ஹெல்ஃபோர்ஜ் என்ற உலைக்களம் இருக்கிறது. மெஃபிஸ்டோ என்ற அரக்கனின் ஆன்மக் கல்லை அதில் வைத்துச் சுத்தியலால் உடைத்தால் ஒரு ரூன் நிச்சயம் விழும். நார்மலில் எல் முதல் ஆம் வரை பதினொன்றில் ஏதாவது ஒன்று.

இப்போது பதிக்கலாம். டாலை இழுத்து வாள் மேல் விடு. துல். ஆர்ட். ஆம். கடைசிக் கல் உட்கார்ந்த நொடியில், குழி விழுந்ததும் சாம்பலாகியிருந்த பெயர் பொன்னாகும். நடுவில் ஒன்று இடம் மாறினாலும் பெயர் சாம்பலாகவே நிற்கும். நான்கு கல்லை நிரப்ப 24 வரிசைகள் உண்டு. அதில் ஒன்றுக்குத்தான் உயிர். ஆறு கல் என்றால் 720. வரிசை மாற்றப் பாடம் நடத்தும்போது இதைவிட நல்ல கணக்கு எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. வரிசை தவறியவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஹெல் ரூன் ஒன்று, டவுன் போர்ட்டல் சுருள் ஒன்று, பாழான வாள், மூன்றையும் கியூபில் போட்டால் குழிகள் காலியாகும். உள்ளே இருந்த ரூன்கள் அழிந்துபோகும்.

கியூபைப் பற்றிச் சொன்னதும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி: "அப்போ எல்லையே சேர்த்துச் சேர்த்து மேலே போயிடலாமே மிஸ்?" போகலாம். மூன்று எல் ஓர் எல்ட். மூன்று எல்ட் ஒரு டிர். இப்படியே எட்டுப் படி ஏறினால் ஒன்பதாவதான ஆர்ட். எத்தனை எல் வேண்டும் என்று நான் சொல்வதில்லை, அவர்களையே போடச் சொல்வேன். மூன்றின் எட்டாம் அடுக்கு. 6561. ஒரே ஓர் ஆர்ட்டுக்கு. ரத்தினங்களும் இப்படித்தான். சில்லு நிலையிலிருந்து முழுநிறைவான கல் வரை ஐந்து தரம், நான்கு தாவல், 81 சில்லு. கியூப் என்பது ஒன்றிரண்டு படி பற்றாக்குறையை நிரப்பத்தான். ஏணியாக நினைத்தவர்கள் களைத்துப் போவார்கள்.

இன்னொரு தவறான நம்பிக்கை, 'மேஜிக் ஃபைண்ட்' பற்றியது. இந்தக் குணம் உள்ள மோதிரமும் பூட்ஸும் போட்டால் நல்ல பொருள் விழும் வாய்ப்பு கூடும். அது உண்மை. ஆனால் விழுவது வாள் என்று முடிவான பிறகு, அது சாதாரண வாளா அபூர்வ வாளா என்பதைத்தான் அது தொடும். ரூனுக்குத் தரம் கிடையாது. ஆகவே உடம்பு முழுக்க மேஜிக் ஃபைண்ட் சுமந்தாலும் ரூன் ஒன்றுகூட அதிகமாக விழாது. வேகமாகக் கொல்வதும், ஆட்டத்துக்குள் ஆட்கள் அதிகம் இருப்பதும்தான் உதவும். ஆட்கள் கூடினால் அந்த முதல் உருட்டில் 'வேண்டாம்' குறையும்.

நூற்றில் ஒன்று வாய்ப்பு என்றால் நூறு முறை கொன்றதும் கிடைத்துவிடும் என்று பெரியவர்களே நம்புகிறார்கள். 0.99ஐ நூறு முறை பெருக்கிப் பாருங்கள். சுமார் 0.37 வரும். நூறு பேர் ஆளுக்கு நூறு முறை முயன்றால் 37 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். இருநூறு முறைக்குப் பிறகும் 13 பேர். பகடைக்கு ஞாபகம் கிடையாது. நேற்று ராத்திரி முழுக்க விழவில்லை, அதனால் இன்று விழுந்தே ஆக வேண்டும் என்பதெல்லாம் நம் மனசுக்குள் ஓடும் கணக்கு. இதை ஒரு பதினாறு வயதுப் பிள்ளை நெஞ்சில் வாங்கிக்கொண்டால் அது மதிப்பெண்ணைவிடப் பெரிது.

அண்ணன் இப்போது நியூ ஜெர்சியில் இருக்கிறான். 2021 செப்டம்பரில் இந்த ஆட்டத்தைப் புதுப்பித்து 'ரிசரக்டட்' என்று வெளியிட்டார்கள். அன்றிலிருந்து மறுபடி சேர்ந்து ஆடுகிறோம். அவனுக்கு வேலை முடிந்த மாலை, எனக்கு விடியற்காலை. மார்கழியில் பஜனைக் கோஷ்டி தெருவில் போகும் நேரம். ஹெட்போனைக் கழற்றி ஒரு நிமிஷம் கேட்டுவிட்டுத் திரும்பப் போட்டுக்கொள்வேன். எங்கள் இருவருக்கும் தீராத சண்டை ஒன்று உண்டு. அவன் சேர்க்கிறவன். பெட்டகத்தில் ரூன்களை வரிசையாக அடுக்கி வைத்து அழகு பார்ப்பான். "பின்னாடி இதைவிட நல்லதுக்குத் தேவைப்படும்" என்பான். கவுண்டஸிடம் போராடிப் பெற்ற ரூன்களை வைத்துக்கொண்டு ஓட்டைக் கேடயத்தோடு அடிவாங்குவான். நான் செலவழிக்கிறவள். சுமக்கும் பையில் பத்துக்கு நான்கு, நாற்பது கட்டம்தான். கியூபே அதில் நான்கைப் பிடிக்கும். இடநெருக்கடியை வைத்தே இந்த ஆட்டம் நம்மை முடிவெடுக்க வைக்கிறது. இன்று கையில் இருக்கும் ஆம் ரூன் இன்றைய வாளில் இருந்தால் நாளைக்கு நான் இன்னும் ஆழத்தில் இருப்பேன். ஆழத்தில்தான் அடுத்த ரூன் விழும். அண்ணனுக்கு இது இன்னும் முழுதாக ஒப்பவில்லை.

பொருள் அரிதானால் சந்தை வந்துவிடும். டயாப்லோ 2இல் தங்கக் காசுக்கு மதிப்பே நிற்கவில்லை. ஒரு பாத்திரம் தன் லெவலைப் பத்தாயிரத்தால் பெருக்கிய அளவுக்கு மேல் தங்கத்தைச் சுமக்க முடியாது. அதனால் ஆடுபவர்கள் தாங்களாகவே வேறு நாணயம் கண்டுபிடித்தார்கள். முதலில் 'ஸ்டோன் ஆஃப் ஜோர்டன்' என்ற மோதிரம். கள்ள நகல் பெருகி அதன் மதிப்பு சரிந்தது. பிறகு ரூன்களே பணமாயின. எந்த அரசும் அச்சடிக்காத பணம் எப்படிப் பிறக்கிறது, எப்படிச் சாகிறது என்று இதைவிடத் தெளிவாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

2012 மே மாதம் மூன்றாம் பாகம் வந்தபோது நிறுவனமே ஏலக் கூடம் திறந்தது. ஆட்டத் தங்கத்துக்கு ஒன்று, நிஜப் பணத்துக்கு ஒன்று. அந்த ஆட்டத்துக்கு இணையம் எந்நேரமும் வேண்டும். அந்தக் கோடையில் சென்னையில் தினமும் இரண்டு மணி நேர மின்வெட்டு. மோடம் அணைந்தால் ஆட்டமும் அணையும். மின்சாரம் இருந்த நேரத்தில் என்ன செய்தோம் என்றால், கொல்வதை விட்டுவிட்டு ஏலக் கூடத்தில் விலை பார்த்துக்கொண்டிருந்தோம். நாளெல்லாம் ஆடி விழுந்த கவசத்தைவிட நல்லது அங்கே சில்லறைத் தங்கத்துக்குக் கிடைத்தது. விழுவதைப் பார்த்துக் கத்த ஒன்றுமே இல்லாமல் போயிற்று. ஆட்டத்தின் அடிப்படையையே அது அரிக்கிறது என்று நிறுவனமே ஒப்புக்கொண்டு, 2014 மார்ச் 18ஆம் தேதி இரண்டு கூடத்தையும் மூடியது. வருமானம் வரும் கடையை அவர்களே இழுத்து மூடியதை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

எல்லா ஆட்டமும் அப்படி இல்லை. அடையாறிலிருந்து வரும் ஒரு மாணவனின் அம்மா ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் காத்திருந்தார். "மிஸ், என் போன்ல இவன் பெட்டி பெட்டியா வாங்கியிருக்கான். உள்ள என்ன இருக்குன்னு வாங்கினப்புறம்தான் தெரியுமாம். துப்பாக்கிக்குப் பெயின்ட் அடிக்கவாம்" என்றார். பையன் தலை குனிந்து நின்றான். அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. பகடை அதே பகடை. நான் கவுண்டஸைக் கொல்ல ஐந்து மாடி இறங்குகிறேன், அவன் அம்மாவின் யூபிஐயைத் தட்டுகிறான். என் தோல்வியில் போவது நேரம். அவன் தோல்வியில் போவது வீட்டுப் பணம். பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி 'கேம் ஆடுறியா?' என்பதோடு நின்றால் போதாது. பகடையை உருட்ட அங்கே காசு கேட்கிறார்களா என்றும் கேட்க வேண்டும்.

வெளிநாடுகளில் இதற்குச் சட்டம் வந்துவிட்டது. எந்தப் பெட்டியில் எது விழ எவ்வளவு வாய்ப்பு என்று 2017 முதல் சீனாவில் வெளியிட்டாக வேண்டும். காசு வாங்கும் பெட்டிகள் சூதாட்டம்தான் என்று 2018இல் பெல்ஜியம் சொன்னது. 2022இல் வந்த டயாப்லோ இம்மார்ட்டல் பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் வெளியாகவே இல்லை. சில ஆட்டங்கள் உத்தரவாதம் தருகின்றன. கென்ஷின் இம்பாக்டில் ஐந்து நட்சத்திரப் பாத்திரம் விழ அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம், தொண்ணூறாவது முறையில் கட்டாயம் உண்டு. அந்தக் கட்டாயம் மட்டும் இல்லாமல் இருந்தால்? தொண்ணூறு முறைக்குப் பிறகும் நூற்றுக்கு 58 பேர் வெறுங்கை. அந்தப் பையனையே உட்கார வைத்து இந்தக் கணக்கைப் போடச் சொன்னேன். போட்டு முடித்துவிட்டு விடையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு நான் சொன்ன மாற்று மைன்கிராஃப்ட். அதில் நெதர் என்ற பாதாளத்தில் 'ஏன்ஷியன்ட் டெப்ரி' என்ற தாது இருக்கிறது. 2020 ஜூனில் சேர்த்தது. தோண்டி உருக்கினால் துண்டு. நான்கு துண்டும் நான்கு தங்கக் கட்டியும் சேர்ந்தால் ஒரு நெதரைட் கட்டி. இங்கேயும் அரியதோடு தங்கம் கைகோக்க வேண்டியிருக்கிறது பாருங்கள். அதைக் கொண்டு வைர வாளை மேம்படுத்த 2023 முதல் ஓர் அச்சும் வேண்டும். அது பாஸ்டியன் என்ற கோட்டையின் பெட்டியில் கிடைக்கும். ஒன்று கிடைத்துவிட்டால் ஏழு வைரத்தையும் ஒரு நெதர் கல்லையும் கொடுத்துப் பிரதி எடுக்கலாம். இந்தப் பெட்டியைத் திறக்கக் காசு கேட்க மாட்டார்கள். லாவா கடலைத் தாண்டி நடந்து போக வேண்டும், அவ்வளவுதான். அவன் இப்போது ஒரு முழு நெதரைட் கவசம் வைத்திருக்கிறான், அதைப் போட்டுக்கொண்டே அலைகிறான்.

எங்கள் வீட்டுச் செய்தி இது. அண்ணனிடம் ஒரு பெர், என்னிடம் ஒரு பெர். இரண்டையும் குற்றமற்ற நீலக்கல் ஒன்றோடு கியூபில் போட்டால் ஜா கிடைக்கும் என்று அவன் ஆசை காட்டினான். ஜா கிடைக்கும், ஆனால் பெர் போய்விடும். எனிக்மாவுக்கு இரண்டும் வேண்டும். நான் சொல்வது 'இன்ஃபினிட்டி'. பெர், மால், பெர், இஸ்ட். நான்கு குழி நீள ஆயுதத்தில் பதித்துக் கூலிப்படை வீரனின் கையில் கொடுத்தால், மின்னல் படாத அரக்கர்களில் பெரும்பாலோர் மேல் என் மந்திரக்காரியின் மின்னல் படும். இஸ்ட் இருக்கிறது. மால் இல்லை. இரண்டு உம் ரூனும் ஒரு புஷ்பராகமும் சேர்ந்தால் மால். உம் ஒன்றுதான் இருக்கிறது. நார்மலுக்கு அடுத்த நைட்மேர் நிலை ஹெல்ஃபோர்ஜில் சோல் முதல் உம் வரை பதினொன்றில் ஒன்று விழும். அதற்காகவே ஒரு புதுப் பாத்திரத்தைத் தொடங்கி வளர்க்கிறேன். வாய்ப்பு பதினொன்றில் ஒன்று. மால் கைக்கு வந்த அன்றைக்கே நான்கையும் பதித்துவிடுவது என்று அண்ணனிடம் வாக்கு வாங்கி வைத்திருக்கிறேன்.